ஓர்கன் பெட்டியின் சாவி

"இன்னும் கோகுலராஜா டீச்சர்?"

பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் இருந்து பாதர் நிலோஜன் இப்படித்தான் கேட்பார். எங்கள் பேராலயத்துக்குப் பங்குத் தந்தையாக வந்த இளம் சாமியார். ஒவ்வொரு மாதமும் முழங்காலில் நின்று நான் சொல்லும் பாவம் ஒன்றுதான். ஒருவனை மன்னிக்க முடியவில்லை என்ற பாவம். அவரும் பொறுமையாகக் கேட்டு, மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்புவார். நான் மந்திரத்தைச் சொல்லிவிட்டு, மன்னிக்காமலே வீட்டுக்குப் போவேன்.

என் பெயர் தெய்வமணி. சங்கீத டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கன்னியாஸ்திரிகளிடம் கால்மிதி ஆர்மோனியம் படித்து, தாவணி வயதிலிருந்து தலை நரைக்கும் வரை புளியந்தீவில் எங்கள் பேராலயத்தில் வாசித்தவள். பிறகு ஒருநாள் கோகுலராஜ் வந்தான். கல்யாண மண்டபங்களில் இசைக்குழு வைத்திருந்தவன், கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டி, ஞானஸ்நானம் எடுத்து, கீபோட்டோடு கோயிலுக்குள் நுழைந்தான். ஆள் பார்க்க நன்றாக இருப்பான். வாயைத் திறந்தால் கதை அதைவிட நன்றாக இருக்கும். ஆறு மாதத்துக்குள் பாடகர் குழு அவன் கையில். ஆர்மோனியப் பெட்டியின் சாவியும் அவன் கையில், மோட்டார் சைக்கிள் சாவியோடு ஒரே வளையத்தில்.

அவனுடைய வித்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீபோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. பாடுகிறவர்களுக்கு மேலே எட்டவில்லை என்றால் அதை அமத்திச் சுருதியை இறக்கலாம், எட்டினால் ஏற்றலாம். வாசிக்கிறவர் விரலை மாற்றத் தேவையில்லை. கோகுலராஜ் உலகத்துப் பாட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில், வெள்ளைக் கட்டைகளில்தான் வாசிப்பான். மிச்சத்தைப் பொத்தான் பார்த்துக்கொள்ளும். கறுப்புக் கட்டைகள் அவனுக்குச் சும்மா அழகுக்கு. இது பாடகர் குழுவில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். முதல் நாளே அவன் கையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்காக நான் அவனை வெறுக்கவில்லை. என் இடம் போனதற்காகக்கூட இல்லை. அம்மாவுக்காக.

அம்மா கண்ணை மூடியபோது நான் அவனிடம் போய் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அடக்கப் பூசைக்கு ஆர்மோனியத்தில் நான் வாசிக்கிறேன், பெட்டியைத் திறந்து விடு என்று. அம்மாவுக்கு ஒரு பாட்டு உயிர். 'வாவி கடந்து வந்த தாயே' என்று எங்கள் ஊர்ச் சாமியார் ஒருவர் அந்தக் காலத்தில் எழுதிய மாதா பாட்டு. அரிசி புடைக்கும்போதும் அதுதான், எங்கள் தம்பி வாழைச்சேனைக் கடலில் காணாமல் போய் மூன்றாம் நாள் உயிரோடு வந்தபோதும் அதுதான். என்னைப் பெட்டியில வைக்கக்குள்ள அந்தப் பாட்ட நீதான் வாசிக்கணும் மகள், என்று சொல்லி வைத்திருந்தா.

"சாவி துலைஞ்சிட்டு டீச்சர்," என்றான் கோகுலராஜ். "நான் கீபோட்டில நல்லா வாசிச்சு விடுறன், யோசிக்காதீங்க."

சொல்லும்போதே மோட்டார் சைக்கிள் சாவி வளையத்தை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். அந்த வளையத்தில் பித்தளைச் சாவி தொங்கியது. நான் முப்பது வருடம் திறந்து மூடிய சாவி எனக்குத் தெரியாதா? என்னுடைய அம்மாவை வீட்டில் கிடத்தியிருக்க, நான் சண்டை பிடிக்கவில்லை. திரும்பி வந்தேன்.

பூசையில் முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது தொடங்கும் நேரம் அவன் கை எதிலோ பட்டது. கீபோட் தானாகவே பைலா ஆட்டத் தாளம் அடிக்கத் தொடங்கியது. என் அம்மாவின் பெட்டிக்கு முன்னால், மெழுகுதிரிகளுக்கு நடுவே, கல்யாண வீட்டுப் பைலா. பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். வாங்குப் பலகைக்குக் கீழே ஒருவருடைய கால் தாளம் போட்டதை என் கண்ணால் கண்டேன். அவன் பதறி எல்லாவற்றையும் நிற்பாட்ட, பாட்டும் நின்றது. மிச்சச் சரணங்களை யாரும் பாடவில்லை. பூசை முடிந்து என்னிடம் வந்து, "கை பட்டிட்டு டீச்சர்," என்று பல்லைக் காட்டினான். பல்லைக் காட்டினான்!

அந்த ஆர்மோனியத்தைப் பிறகு பின்பக்கக் கொட்டிலில் போட்டார்கள். மாரி மழைக்குக் கூரை ஒழுகிக் கறையான் பிடித்தது. ஒருநாள் கோகுலராஜ் அதை லொறியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். பாதருக்குத்தான் விளங்கவில்லை.

சென்ற வருடம் ஜெர்மனியில் உள்ள ஒரு மறைமாவட்டம் எங்களுக்கு ஒரு குழாய் ஓர்கன் அன்பளிப்பாகத் தருவதாகச் செய்தி வந்தது. பெரிய தேவாலயங்களில் சுவர் முழுக்க நிற்கும் சாமான் இல்லை. ஒரு அலுமாரி அளவுதான். புதிதாகச் செய்தது, ஒரு வரிசைக் கட்டை, நாலு குமிழ். குமிழை இழுத்தால் ஒரு வகைக் குழாய் பேசும், தள்ளினால் வாயை மூடும். காற்றுக்கு மின்சார விசிறி. பங்குச் சபையில் எல்லோருக்கும் தலைகால் தெரியவில்லை. மாதா திருநாளன்று ஆயர் வந்து மந்திரித்துத் திறந்து வைப்பதாக முடிவாயிற்று.

யார் வாசிப்பது என்று பேசக் கூட்டம் வைத்தார்கள். சபைத் தலைவர் பாக்கியராசா அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னையும் கோகுலராஜையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர். யாரையும் நோகடிக்க விருப்பமில்லாததால் எல்லோரையும் நோகடிப்பவர்.

"டீச்சர்தான் இந்த மாதிரி வாத்தியத்தில பழகின ஆள்," என்று இழுத்தார். "ஆனா கோகுல்தான் இப்ப பாடகர் குழுவப் பாக்கிறது. என்ன செய்வம்?"

கோகுலராஜின் விரலில் சாவி வளையம் சுழன்றது. அவன் சண்டைக்குத் தயாராக வந்திருந்தான் என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நானும் அப்படித்தான் வந்தேன். பல வருடத்துக் கோபத்தை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த வளையம் சுழலச் சுழல எனக்கு வேறொன்று வெளித்தது. குழாய் ஓர்கனில் பொத்தான் இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழாய், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சுருதி, அவ்வளவுதான். என் உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று. சந்தோசத்தில்தான்.

"கோகுலராஜ்தான் வாசிக்கணும்," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனுடைய வளையம் நின்றது.

"டீச்சர், மெய்யாவா?" என்றார் பாக்கியராசா அண்ணன்.

"எனக்கு வயசு போகுது அண்ணன். ஆயர் வாற நாள். இளம் ஆள் இருந்தாத்தான் வடிவு."

பாதர் நிலோஜன் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், தன்னுடைய அருள் நிறை மந்திரங்கள் வேலை செய்துவிட்டன என்று நினைத்திருப்பார். "இது கீபோட் மாதிரித்தானே டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

"கட்டை எல்லாம் ஒண்டுதான் பாதர்," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு, எழும்பப் போகிறவள் மாதிரிக் கைப்பையை எடுத்துக்கொண்டு சொன்னேன். "ஒரு விசயம். ஆயர் மந்திரிக்க முதல் அதில ஆரும் வாசிக்கக் கூடாது. சுருதி சேக்கிறவர் சேக்கட்டும். அதுக்குப் பிறகு பூட்டி, துணி போத்து, றிபன் கட்டி வச்சிருவம். முதல் சத்தம் மாதாவுக்குத்தான் போகணும்."

இதற்கு எங்கள் ஊரில் யாராவது மறுத்துப் பேசுவார்களா? புதுத் தோணியை மந்திரிக்காமல் வாவியில் இறக்காத ஊர். புது மோட்டார் சைக்கிளைக்கூட மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தித் தீர்த்தம் தெளித்த பிறகுதான் ஓட்டுவார்கள். மந்திரிக்காத ஓர்கனில் ஒத்திகை பார்க்கக் கூடாது என்று எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் இல்லை. பாதருக்கும் அது தெரியும். ஆனால் சபை முழுக்க "ஓம், ஓம், அதுதான் முறை," என்று தலையாட்டும்போது அவர் என்ன சொல்வார்?

எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டியவன் கோகுலராஜ். "டீச்சர் சொல்லுறது நூத்துக்கு நூறு சரி. பூட்டி வைப்பம். சாவி என்னட்ட இருக்கட்டும்." நான் களவாகப் போய் வாசித்துப் பழகிவிடுவேன் என்று அவனுக்குப் பயம். அந்த மனத்துக்கு அவ்வளவுதான் மோப்பம் எட்டியது.

ஓர்கனைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது காத்தான்குடி றவூப் நானாவின் லொறி. ஆறு பேர் பிடித்து இறக்கினார்கள். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வியர்வையைத் துடைத்தார்.

"சின்னச் சாமான் எண்டுதானே சொன்னாங்க டீச்சர்? மையத்துப் பெட்டிய விடப் பாரமா இரிக்கி."

"உள்ளுக்க ஈயக் குழாய் நானா."

அவர் பெட்டியின் பலகையைக் கையால் தட்டிப் பார்த்தார். "உங்கட பழைய பெட்டியையும் நான்தான் ஏத்திக்கிட்டுப் போன. லொறி குலுங்கக் குலுங்க அதுக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்திச்சி. உசிரோட ஏத்தின மாதிரி. எனக்கே ஒரு மாதிரியாப் போயிட்டு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதுவரை என் மனதில் எங்காவது ஒரு மூலையில் இரக்கம் இருந்திருந்தால், அதையும் அந்த லொறியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன்.

சுருதி சேர்க்க யோஹானஸ் என்ற ஜெர்மன்காரர் கூடவே வந்திருந்தார். அந்த வேலைக்கு ஒரு ஆள் கட்டையை அமத்திப் பிடிக்க, மற்ற ஆள் உள்ளே குழாயைச் சரி பார்க்க வேண்டும். கோகுலராஜுக்கு அன்றைக்குக் குருக்கள்மடத்தில் கல்யாண வீடு. பாதர் என்னைக் கூப்பிட்டார். வாசிக்கத்தான் கூடாது, ஒரு கட்டையை அமத்திப் பிடிப்பதில் பிழையில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கட்டைகளுக்கு முன்னால் போய் இருந்தேன்.

முதல் கட்டையை அமத்தினேன். மெல்லிய சத்தம், மூச்சு மாதிரி. கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அழகான ஒன்றையா பழிவாங்கப் பாவிக்கப் போகிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

"இதில் சுருதியை ஏற்றி இறக்க வழி உண்டா?" என்று யோஹானஸிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். காதால் கேட்க ஆசை.

அவர் பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சிரித்தார். "உண்டு மேடம். குழாய்களை வெட்ட வேண்டும்."

அன்று மாலையே பூட்டி, நீலப் பட்டுத் துணி போர்த்தி, றிபன் கட்டினார்கள். சாவி கோகுலராஜின் வளையத்துக்குப் போயிற்று. சாவி இருந்தும் அவன் திறந்து பார்க்கவில்லை. றிபனை அவிழ்த்தால் தெரிந்துவிடும், ஒரு கட்டையைத் தொட்டால் வளவு முழுக்கக் கேட்கும். தவிர, கீபோட் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய விசயம் என்ற நினைப்பு. பாடகர் குழுவுக்கு ஒத்திகையைக் கீபோட்டில் வைத்தான். திருநாளுக்கென்றே ஒரு புதுப் பாட்டும் மெட்டுப் போட்டான்.

திருநாளுக்கு முதல் நாள் என் அண்ணனின் மகள் விதுசா வீட்டுக்கு வந்தாள். அவள்தான் பாடகர் குழுவில் முதல் குரல். புதுச் சாறியைக் காட்டுவதற்கென்று வந்தவள், பிளேன்டீயைக் குடித்தபடி அந்தப் புதுப் பாட்டை எனக்குப் பாடிக் காட்டினாள். நல்ல குரல். அதிக உயரம் போகாது, ஆனால் கீழே நின்றால் தேன்.

"எனக்கு மேல எட்டாது எண்டு கோகுல் அண்ணன் நல்லா இறக்கித் தந்திருக்கார் மாமி. அதால பயமில்ல," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் இறக்கித் தந்தது பொத்தானால். நாளைக்கு அந்தப் பொத்தான் இருக்காது. பாட்டு இவளுடைய குரல் எட்டாத உயரத்தில் போய் நிற்கும், ஆயருக்கும் ஊருக்கும் முன்னால் இவள்தான் அதைப் பாட வேண்டும். அவன் மட்டும் விழ மாட்டான், இவளும் விழுவாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை போதும். அவள் ஓடிப்போய் அவனிடம் சொல்வாள், அவன் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கீபோட்டை ஓர்கனுக்குப் பக்கத்தில் வைத்துத் தப்பிவிடுவான். பிறகு வழக்கம் போலப் பல்லைக் காட்டுவான்.

"கோப்பையை வச்சிட்டுப் போ மகள், நான் கழுவுறன்," என்றேன்.

திருநாள் அன்று வாங்குகள் நிரம்பி, வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். வவுணதீவிலிருந்தும் சனம் வந்திருந்தது. பாக்கியராசா அண்ணன் வரவேற்புரையில் எங்கள் ஊர்ப் பெருமையான பாடும்மீனை இழுக்காமல் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். இழுத்தார். வாவியில் மீன் பாடும், இனி ஆலயத்தில் குழாய் பாடும் என்றார். ஆயர் புன்னகை செய்தார். அவரும் ஊரூராக இதைத்தான் கேட்டிருப்பார்.

நான் முன்னாலிருந்து மூன்றாவது வாங்கில், நடைபாதைக் கரையில் இருந்தேன். நல்ல சாறி. கைப்பைக்குள் மூக்குக்கண்ணாடி. என்னுடைய திட்டத்தின் இரண்டாம் பாகம் அந்தக் கண்ணாடியில்தான் இருந்தது. அவன் விழுந்ததும் பாதர் என்னிடம் வருவார். "கண்ணாடி கொண்டு வரேல்ல பாதர்," என்று சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பேன். பூசை முழுக்க அந்தப் புது ஓர்கன் வாய் திறக்காது. அவன் அதற்குப் பக்கத்தில் நின்று ஊர் முகத்தைப் பார்க்கட்டும். இதுதான் கணக்கு.

ஆயர் றிபனை வெட்டினார். துணியை விலக்கித் தீர்த்தம் தெளித்தார். கோகுலராஜ் கோட் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, வளையத்திலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். திறக்கும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். வென்றவனின் பார்வை. நான் தலையசைத்து வாழ்த்தினேன்.

முதல் சத்தம் வந்தது. சனம் "ஆ" என்றது. முன்னிசை முழுக்க நன்றாகத்தான் வாசித்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு விதுசா ஒலிவாங்கிக்கு முன்னால் மூச்சை இழுத்தாள்.

பல்லவியைத் தாண்டிவிட்டாள். கழுத்து நரம்பு தெரிந்தது. கோகுலராஜின் தலை ஒருமுறை நிமிர்ந்தது. சத்தம் ஒத்திகையில் கேட்ட இடத்தில் இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் காதில் பட்டிருக்கும். இடது கை கட்டையை விட்டு மேலே போய், பழகிய இடத்தில் பொத்தானைத் தேடியது. அங்கே பலகைதான் இருந்தது. பலகையைத் தடவினான். கீழே தடவினான். சரணம் ஏறியது. விதுசாவின் குரல் உடைந்து, கீச்சென்று, நின்றுவிட்டது. பாடகர் குழுவில் பாதிப் பேர் நிறுத்த, மீதிப் பேர் ஆளுக்கொரு சுருதியில் அலைந்தார்கள்.

அவன் ஒரு குமிழைப் பிடித்து இழுத்தான். இதுதான் அந்தப் பொத்தான் என்று நினைத்திருக்க வேண்டும். அது எல்லாவற்றிலும் சின்னக் குழாய்களின் குமிழ். ஓர்கன் வீரிட்டது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அவன் பதறிக் கறுப்புக் கட்டைகளில் கீழ்ச் சுருதியைத் தேடினான். விரல்கள் அந்த வீதிக்கே போனதில்லை. பிழை, பிழை, பிழை. கடைசியில் கையை எடுத்துவிட்டான். விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். அதே பின் வாங்கு. அம்மா, கேட்டீங்களா என்று மனதுக்குள் சொன்னேன். அவ்வளவு இனிப்பாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, என் வாழ்நாளில் அவ்வளவு இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை.

பாதர் நிலோஜன் நடைபாதையில் வேகமாக வந்து குனிந்தார். "டீச்சர், தயவு செய்து."

"கண்ணாடி..." என்று தொடங்கினேன்.

அப்போது விதுசாவைப் பார்த்துவிட்டேன். ஒலிவாங்கிக்கு முன்னால் அப்படியே நின்றாள். புதுச் சாறியின் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கு எல்லாம் முதலே தெரியும் என்பது அந்த நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினேன்.

கோகுலராஜ் இருக்கையை விட்டு எழும்பிப் பக்கக் கதவை நோக்கி நகர்ந்தான். "எங்க போறாய்?" என்றேன் மெதுவாக. "நில்லு. குமிழ ஆர் இழுக்கிறது? நான் சொல்லக்குள்ள இழு, சொல்லக்குள்ள தள்ளு."

ஆயருக்கும் சனத்துக்கும் முன்னால் அவன் என்ன செய்வான்? நின்றான். பேராலயத்துக் கீபோட்காரன் என்ற பெயரில்தான் அவனுக்குக் கல்யாண வீடுகள் வருகின்றன. ஓடினால் அதுவும் போகும்.

நான் அவனுடைய புதுப் பாட்டைத் தொடரவில்லை. 'வாவி கடந்து வந்த தாயே' என்று தொடங்கினேன், விதுசாவுக்குத் தேன் சொட்டும் சுருதியில். முதல் வரியைப் பாடக் கொஞ்ச நேரம் எடுத்தாள். பிறகு பாடினாள். இரண்டாம் வரியில் வாங்குகள் சேர்ந்துகொண்டன. அந்தப் பாட்டைத் தெரியாதவர் எங்கள் ஊரில் இல்லை.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணம், அன்றைக்கு நின்றுபோன சரணம், தொடங்கியது. பைலா இல்லை. யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது, கட்டைகள் தெரியவில்லை. தெரியத் தேவையும் இல்லை.

"டீச்சர்," என்றான் அவன் என் காதோரம். "இதில பொத்தான் இல்ல எண்டு உங்களுக்குத் தெரியும் என்ன?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்," என்றேன். "ரெண்டாவது குமிழ இழு."

இழுத்தான். எல்லாச் சரணங்களையும் வாசித்தேன். ஆயர் பலிபீடத்தடியில் கைகூப்பியபடி காத்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படவில்லை. இது அவருக்கு வாசித்த பாட்டு இல்லை.

பூசை முடிந்து சனம் பந்தலில் மோதகத்துக்கும் கோப்பிக்கும் முண்டியடித்தபோது விதுசா என்னிடம் வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"அவர விழுத்த என்னையும் சேத்து விழுத்தினீங்க மாமி."

"ஓம் மகள்," என்றேன். வேறு என்ன சொல்ல?

"நேத்துப் பாடிக் காட்டினேனே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க." அதற்குமேல் பேசாமல் போய்விட்டாள். இதுவரை என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அது எனக்கு வலிக்கிறது. அவள் குடித்த கோப்பையைக் காணும்போதெல்லாம் வலிக்கிறது. பாதரிடம் போய் இதை ஒரு பாவமாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கோகுலராஜுக்காக எனக்கு ஒரு இடத்திலும் வலிக்கவில்லை.

அவன் கோயிலுக்குள் காத்துக்கொண்டு நின்றான். கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்திருந்தான். பெட்டியைப் பூட்டிவிட்டு, சாவியை வளையத்திலிருந்து கழற்றி, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினான்.

"இந்தாங்க டீச்சர். இது இனி உங்களுக்குத்தான்."

அந்தச் சாவியை நான் எத்தனை இரவு கனவில் பறித்திருக்கிறேன். கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை.

"உன்னட்டயே இருக்கட்டும்," என்றேன். "ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு முதல் வந்து நீதான் பெட்டியத் திறந்து வைக்கணும். நான் வாசிக்கக்குள்ள பக்கத்தில நிண்டு குமிழ் இழுக்கணும். மறுகா பூட்டிட்டுப் போகணும். நான் சாகுமட்டும்."

அவன் உள்ளங்கையை மூடினான்.

"சாவி துலைஞ்சிட்டு எண்டு மட்டும் ஒருநாளும் வந்து சொல்லிராத, கோகுலராஜ்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அம்மாவின் அடக்க நாள் அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகத்தில் தெரிந்தது. இத்தனை வருடமும் அது அவனுக்கு ஞாபகத்திலேயே இருந்திருக்கவில்லை.

சாவியை மோட்டார் சைக்கிள் சாவியோடு திரும்பக் கோக்கப் பார்த்தான். இரண்டு தரம் கை தவறியது. நான் உதவி செய்யவில்லை. கோத்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.